உலர்த்த முடியாத விதை

பந்தியில் பிரிஞ்சி சாதம் விழுந்ததும் எல்லார் கையும் முதலில் அந்த இலையைத்தான் தேடும், எடுத்து ஓரத்தில் ஒதுக்குவதற்காக. சாதமும் இலையும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டாலும், கறிவேப்பிலைக்கும் மிளகாய்க் காம்புக்கும் கிடைக்கிற மரியாதைதான் அதற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அப்படி ஒதுக்கிய இலை ஒன்றைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெந்து நைந்த பிறகும் நரம்புகள் தெளிவாகத் தெரிந்தன. காம்பைத் தாண்டியதுமே நடு நரம்போடு இரண்டு பக்க நரம்புகள் பிரிந்து, மூன்றும் ஏறக்குறைய இணையாக நுனியை நோக்கி ஓடின. மா, பலா, புங்கம் என்று நமக்குப் பழகிய இலைகளில் நடுவே ஒரே ஒரு நரம்பு முதுகெலும்பாக நிற்கும். மற்றவை அதிலிருந்து கிளைக்கும். இந்த இலை வேறு ஒழுங்கில் கட்டப்பட்டிருந்தது.

அந்த மூன்று நரம்பைப் பின்தொடர்ந்துதான் லாரேசி என்னும் தாவரக் குடும்பத்துக்குள் போனேன். ஏறத்தாழ 50 பேரினங்கள், 2,500 முதல் 3,000 வரை சிற்றினங்கள் என்று கணக்கிடுகிறார்கள். கறிமசாலாவின் பட்டை, பிரிஞ்சி இலை, கற்பூர மரம், பழரசக் கடையின் பட்டர் ஃப்ரூட், ஊதுபத்தி மாவைக் குச்சியோடு ஒட்டிவைக்கும் ஜிகட் பொடி தருகிற மரங்கள், கிரேக்கர்கள் வென்றவன் தலையில் சூட்டிய லாரல் எல்லாமே இதற்குள் அடக்கம். அடுப்படியிலும் பூசையறையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் தினம் கைபடுகிற ஒரு குடும்பம் இது. ஆனால் இதன் பூவைப் பார்த்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. நாம் அறிந்ததெல்லாம் உலர்ந்த பாகங்களை. டப்பாவில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருக்கக்கூடியவை அவை. இந்தக் குடும்பத்தின் உயிரான பாகங்கள் எவையும் டப்பாவுக்குள் தங்காதவை. அவற்றைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பெரிய கடைகளில் 'பே லீஃப்' என்று விற்கப்படுவதில் இரண்டு இலைகள் உண்டு. ஒன்று மத்தியதரைக் கடற்கரையின் லாரல், லாரஸ் நோபிலிஸ். ஒற்றை நடு நரம்பு, விளிம்பில் லேசான அலை. மற்றது நம் பிரிஞ்சி, சின்னமோமம் தமாலா, இமயமலை அடிவாரத்து மரம். இதற்கு மூன்று நரம்பு, பட்டையை நினைவூட்டும் மணம். இந்த இரண்டாவது இலைதான் தமாலபத்திரம். அந்தச் சொல்லே கிரேக்கர் வாயில் மலபாத்ரம் ஆயிற்று. முதல் நூற்றாண்டு கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ், முசிறி, நெல்கிந்தா துறைகளில் ஏற்றப்பட்ட சரக்குகளோடு மலபாத்ரத்தையும் சொல்கிறது. இலையிலிருந்து வாசனைத் தைலம் எடுத்த ரோமானியர்களுக்கு, தங்கள் தோட்டத்து லாரலின் ஒன்றுவிட்ட உறவுக்குத்தான் அவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வழியில்லை.

எதிர்ப்பக்கத்துக் குழப்பமும் உண்டு. நம் நெய்தல் நிலத்துப் புன்னையை ஆங்கிலத்தில் 'அலெக்சாண்டிரிய லாரல்' என்பார்கள். அரளியைப் பிரெஞ்சில் ரோஜா லாரல் என்பார்கள். இரண்டுமே இந்தக் குடும்பம் கிடையாது. தடித்து மினுங்கும் பச்சை இலை எதைக் கண்டாலும் ஐரோப்பியர்கள் லாரல் என்று கூப்பிட்டுவிட்டார்கள். இலையை நம்பி உறவு சொன்னால் இப்படித்தான் முடியும்.

இந்தக் குடும்பத்தில் இலை அடையாளம் காட்ட மறுக்கிறது என்பதைச் சோலைக்குள் நின்றவர்கள் அறிவார்கள். ஆனைமலை, பழனிமலை, நீலகிரியின் உயரமான சோலைகளில் அதிகமாக நிற்பவற்றுள் லாரேசி மரங்களும் சேரும். லிட்சியா, நியோலிட்சியா, ஆக்டினோடாப்னே, கிரிப்டோகேரியா, காட்டுப்பட்டை வகைகள், பெர்சியா மாக்ராந்தா. எல்லாவற்றுக்கும் பிளவோ பல்லோ இல்லாத தனி இலை, காம்படிச் செதில் கிடையாது, வருடம் முழுக்கப் பச்சை. தளிர் மட்டும் சில மரங்களில் செம்பு நிறத்தில் வரும்போது சோலையின் தலையே பழுத்தது போலிருக்கும். கசக்கி முகர்ந்தால் குடும்பத்தை ஊகிக்கலாம். எந்த மரம் என்று சொல்ல அனுபவசாலிகளும் பூவுக்குக் காத்திருக்கிறார்கள்.

நான் அந்தப் பூவை முதலில் பார்த்தது குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் நின்ற பட்டை மரத்தில், ஒரு தை மாதத்தில். பட்டையே இவ்வளவு மணக்கிறதே, பூ எப்படி மணக்குமோ என்ற ஆசையோடு முகத்தருகே இழுத்தேன். ஏமாற்றம். லேசாக முகம் சுளிக்க வைக்கிற ஒரு வாடை. நிறமும் இல்லை, வெளிறிய மஞ்சள். அளவும் இல்லை, அரைக் கடுகு மொட்டு, விரிந்தால் ஒரு மிளகின் அகலம். ஆனால் பத்து மடங்கு கைலென்ஸை வைத்துப் பார்த்தபோது, இத்தனை நாளும் வெளிச்சுவரை மட்டும் தடவிவிட்டு வீடு தெரியும் என்று நினைத்திருக்கிறோமே என்று தோன்றியது.

உள்ளே எல்லாம் மும்மூன்று. புல்லி, அல்லி என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆறு இதழ்கள், மூன்று வெளியே, மூன்று உள்ளே. அதற்குள் மகரந்தத் தாள்கள் மூன்று மூன்றாக மூன்று வட்டம், ஆக ஒன்பது. அதற்கும் உள்ளே மகரந்தம் இல்லாத மூன்று மலட்டுத் தாள்கள், அம்பு முனை போல. நட்டநடுவில் ஒரே சூலகம், அதற்குள் தொங்கும் ஒரே சூல். முதல் இரண்டு வட்டத் தாள்கள் மையத்தை நோக்கி முகம் வைத்திருக்கின்றன. மூன்றாம் வட்டம் மட்டும் முதுகைத் திருப்பி வெளியே பார்க்கிறது. அந்த மூன்றாம் வட்டத்தின் ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு சுரப்பி முடிச்சுகள், தேன் கசியும் இடம்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது மகரந்தப்பை. நாம் அறிந்த பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடித்துப் பிளக்கும், இலவங்காய் வெடிப்பதுபோல. இங்கே பிளவே இல்லை. பையின் முகத்தில் சிறு சிறு மடல்கள் இருக்கின்றன. நேரம் வந்ததும் மடலின் அடிப்பக்கம் விடுபட்டு, மேல் விளிம்பு கீல்போல நிற்க, மடல் மேல்நோக்கித் தூக்கிக்கொள்கிறது. பெட்டிக்கடைக்காரர் காலையில் தட்டிப்பலகையை மேலே தூக்கி முட்டுக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அசைவு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கதவில். மகரந்தம் அந்தத் தூக்கிய மடலில் ஒட்டிக்கொண்டு, வருகிற ஈயின் உடம்புக்கு நேராக நிற்கிறது. பட்டை மரத்தில் ஒரு பைக்கு நான்கு கதவுகள், லாரலில் இரண்டு. இப்படிக் கதவு வைத்த மகரந்தப்பை வேறு சில இடங்களிலும் உண்டு, நீலகிரியில் முள்ளோடு வளரும் பெர்பெரிஸ் ஓர் உதாரணம். ஆனால் மும்மூன்று அடுக்கும், ஒற்றைச் சூலும், தூக்குக் கதவும் ஒன்றாகச் சேர்ந்தால் அது லாரேசிதான்.

லின்னேயஸ் 1753இல் தாவரங்களை மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்புப் பிரித்தபோது லாரலும் பட்டையும் கற்பூரமும் பட்டர் ஃப்ரூட்டும் 'ஒன்பது தாள்' வகுப்பில் லாரஸ் என்ற ஒரே பேரினத்தின் கீழ் வந்தன. எண்ணிக்கை இவ்வளவு தூரம் உறவைச் சரியாகக் காட்டியது வியப்புதான். ஆனால் அதே வகுப்பில் ரேவல்சின்னியும் வந்து உட்கார்ந்தது, அதற்கும் தாள் ஒன்பது என்பதால். தாவரவியலாளர் ஜுஸ்யூ 1789இல் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்து இவற்றைத் தனிக் குடும்பமாகத் திரட்டிய பிறகே அந்தத் தவறு நீங்கியது. பின்னால் வந்தவர்கள் கதவுகளை எண்ணி, இரண்டு கதவுக்காரர் ஒரு பேரினம், நான்கு கதவுக்காரர் இன்னொன்று என்று குடும்பத்துக்குள் வேலி போட்டார்கள். மரபணுவைப் படித்த இந்தத் தலைமுறை அந்த வேலிகளில் பலவற்றை ஒப்பவில்லை. நான்கு கதவு இரண்டாகக் குறைவது ஒரே கிளையில் ஒருமுறை நடந்த காரியமல்ல, வெவ்வேறு கிளைகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கதவு இருப்பது உறவைச் சொல்கிறது. எத்தனை கதவு என்பது அவ்வளவாகச் சொல்வதில்லை.

பள்ளியில் நாம் படித்த ஒருவித்திலை, இருவித்திலை என்ற இரட்டைப் பிரிவுக்குள்ளும் இவை இன்று அடங்குவதில்லை. விதைக்குள் இரண்டு இலை இருந்தாலும், அந்தப் பெரும் பிரிவு உருவாவதற்கு முன்பே பிரிந்துபோன ஒரு பழைய கிளை இது. மிளகு, ஜாதிக்காய், செண்பகம், சீத்தா எல்லாம் இதே கிளையில் இருக்கின்றன. மணத்தையும் காரத்தையும் தேடிக் கப்பல்கள் நம் கரைக்கு வந்த காலத்தின் சரக்குப் பட்டியலில் பாதி, தாவர உறவுமுறையில் ஒரே கூட்டம் என்பதை அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று அமெரிக்காவின் மேரிலாந்தில் கிடைத்தது. மால்டினியா மிராபிலிஸ் என்று 1990இல் விவரிக்கப்பட்ட புதைபூ. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு வயது. காட்டுத்தீயில் கருகி, கரியானதால் வடிவம் கெடாமல் தப்பியது. அதிலும் மும்மூன்று வட்டங்கள், மூன்றாம் வட்டத்தில் முடிச்சுகள், மகரந்தப்பையில் தூக்குக் கதவுகள். டைனசோர்கள் நடந்த காலத்தில் திறந்த அதே கதவைத்தான் அன்று குமரிமாவட்டக் கொல்லையில் நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்தப் பூ கரியாகாமல் போயிருந்தால் எதுவும் மிஞ்சியிருக்காது. ஏனென்றால் லாரேசியின் பூந்தாதுக்கு மேலோடு மிக மெல்லியது. மற்ற மரங்களின் தாது, கெட்டியான ஓட்டால், சதுப்பு மண்ணில் பல்லாயிரம் ஆண்டு கிடக்கும். அடுக்கடுக்காக மண்ணை எடுத்து, தாதுக்களை எண்ணி, அந்த இடத்தில் எப்போது புல்வெளி இருந்தது, எப்போது காடு இருந்தது என்று சொல்வார்கள். நீலகிரியின் சதுப்புகளிலும் அப்படிப்பட்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் லாரேசி தாது மண்ணில் அழிந்துவிடும். ஆய்வகத்தில் அமிலத்தில் கழுவும்போதும் கரைந்துவிடும். தலைக்கு மேல் முழுக்க லாரேசி மரங்கள் நின்ற காடாக இருந்தாலும் மண்ணின் ஏட்டில் அவற்றின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தன் வரலாற்றைச் சேமித்து வைக்காத குடும்பம்.

சேமிப்பு முழுவதும் வேறோர் இடத்தில். இலையிலும் பட்டையிலும் மரத்திலும் எண்ணெய் நிறைந்த தனிச் செல்கள் சிதறிக் கிடக்கின்றன. பூச்சியும் பூஞ்சையும் கடிக்காமலிருக்க மரம் கட்டிய அறைகள். நாம் வாசனை என்பது அந்த அறைகள் உடைகிற நிகழ்ச்சி. பட்டை மரம் ஒன்றே இதற்குப் போதிய பாடம். தண்டின் பட்டையில் மிகுதியாக இருப்பது சின்னமால்டிஹைடு, அதுதான் நாம் அறிந்த பட்டை மணம். இலையைக் கசக்கினால் யூஜினால், அதாவது கிராம்பின் மணம். வேர்ப்பட்டையில் கற்பூரம். ஒரே மரம், தலையிலிருந்து வேர்வரை மூன்று கடைகளின் வாசனை.

கறுவா என்று ஈழத்தவர் சொல்லும் அந்தப் பட்டைக்காகப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இலங்கையில் செய்தவற்றை இங்கே விரிக்கவில்லை. அது அறியப்பட்ட கதை. கொழும்பு 7 இன்றும் கறுவாத்தோட்டம்தான். எனக்குப் பிடித்தது உரிக்கும் கைகளின் வேலை. மரத்தை மரமாக வளரவிடாமல் அடியில் வெட்டி, குத்தாகக் கிளைக்கும் போத்துகளை இரண்டு வருடத்தில் அறுக்கிறார்கள். சொரசொரத்த மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, இருபுறமும் கீறி, உள்பட்டையை முழு நீளத்துக்கு எழுப்புகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி நிழலில் காயவைத்தால் அது தானே சுருள்கிறது. நம் மளிகைக் கடையில் பட்டை என்று கொடுப்பது பெரும்பாலும் இது இல்லை. தடித்து, ஒற்றைச் சுருளாக, ஓடு போல உடையும் அது கேசியா என்னும் வேறு சிற்றினம். அதில் கூமரின் அதிகம், தினமும் நிறையச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆகாது. காகிதம் போல மெல்லிய பல மடிப்பாக இருந்தால் கறுவா. வாங்குமுன் உடைத்துப் பாருங்கள்.

கற்பூரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. பழைய தமிழ் வணிகர்கள் தேடிப்போன கற்பூரம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. சுமத்ராவின் பாரூஸ் துறைக் கற்பூரம், சால மரத்தின் குடும்பத்தில் வரும் ஒரு பெருமரத்தின் உள்வெடிப்பில் படிந்து கிடப்பது. அந்தத் துறைக்கு அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. பின்னால் சீனத்து, தைவானத்துக் கற்பூர மரம் அந்த இடத்தைப் பிடித்தது. இதுதான் லாரேசி. மரத்தையே வெட்டிச் சில்லு சில்லாகச் செதுக்கி, நீராவியில் வடித்து எடுப்பார்கள். 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹையாட் என்பவர் கற்பூரத்தையும் நைட்ரோ செல்லுலோசையும் கலந்து செல்லுலாய்டு செய்த பிறகு தேவை பெருகிற்று. 1895இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899இல் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. தைவானின் மலைக்காடுகளும் அங்கிருந்த பழங்குடிகளும் அதற்கு விலை கொடுத்தார்கள். நம் ஊரில் முதலில் ஓடிய ஊமைப் படங்களின் சுருளிலும் அந்தக் கற்பூரம் இருந்தது. திரையிலும் ஆரத்தித் தட்டிலும் ஒரே பொருள் எரிந்த காலம் அது. இன்று தட்டில் எரிவது பெரும்பாலும் பைன் மரத்தின் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்தது. மூன்று குடும்பங்கள் கைமாறிய பிறகும் நாம் அதை ஒரே பெயரால்தான் அழைக்கிறோம்.

மரத்தின் உயிரைப் பற்றிச் சொல்ல வந்ததால் நாகசாகியையும் சொல்ல வேண்டும். 1945 ஆகஸ்ட் 9இல் குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் தொலைவில் சன்னோ ஆலயத்தின் இரண்டு கற்பூர மரங்கள் கருகி, மொட்டையாகி நின்றன. செத்துவிட்டன என்றே நினைத்தார்கள். பிறகு துளிர்த்தன. இன்றும் நிற்கின்றன. வெட்டிய அடியிலிருந்து கறுவா கிளைப்பதும் இதே குணம்தான். மேலே எதை இழந்தாலும் அடிமரத்தில் ஒரு தூங்கும் மொட்டை இந்த மரங்கள் வைத்திருக்கின்றன.

பழனி மலையின் கீழ்ச்சரிவில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காப்பித் தோட்டங்களுக்குள் பட்டர் ஃப்ரூட் மரங்கள் நிற்கும். அங்கே ஒரு விவசாயியிடம், "அண்ணாச்சி, இந்த மரம் ஏன் காய்க்கல?" என்றேன். "அது மலட்டு மரம் சார், வெட்டணும்" என்றார். பூ கொட்டிக் கிடந்தது. மலடு என்ற சொல் அந்த மரத்துக்குச் செய்த அநியாயம். அதற்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு பூவும் இரண்டு முறை விரிகிறது. முதல் விரிதலில் சூல்முடி மட்டும் ஏற்கத் தயாராக இருக்கும், மகரந்தக் கதவுகள் அடைத்திருக்கும். சில மணி நேரத்தில் பூ மூடிக்கொள்ளும். மறுநாள் இரண்டாவது முறை விரியும்போது சூல்முடியின் காலம் முடிந்திருக்கும், கதவுகள் தூக்கித் தாது தரும். அதாவது முதல் நாள் பெண், மறுநாள் ஆண். இதைவிட ஆச்சரியம், மரத்தின் பூக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் இதைச் செய்கின்றன. மரங்கள் இரண்டு வகை. ஒரு வகை காலையில் பெண்ணாகவும் மறுநாள் பிற்பகலில் ஆணாகவும் விரியும். இன்னொரு வகை பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். ஆகவே காலையில் முதல் வகை ஏற்க, இரண்டாம் வகை கொடுக்கும். பிற்பகலில் மாற்றிக் கொடுக்கும். நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஸ்டவுட் 1920களில் இதை நுணுக்கமாக ஆராய்ந்து எழுதினார். கறுவாப் பூவும் இதே முறையில் இரண்டு முறை விரிகிறது.

குளிரும் வெயிலும் மாறும்போது இரண்டு நிலைகளும் சற்று ஒன்றன்மேல் ஒன்று விழும் என்பதால் தனி மரமும் சில காய்கள் காய்க்கும். மற்றபடி பக்கத்தில் மறு வகை மரம் ஒன்றும் கொஞ்சம் தேனீயும் வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். வெகுநேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஜோடி இல்லாமத்தான் நிக்குதா" என்றார்.

குடும்பம் என்றால் விலகிப்போன பிள்ளை ஒன்று இருக்கும். நம் கடற்கரைகளில், தேரிமணலில், புதர்களின் மேல் பச்சையும் ஆரஞ்சுமாக நூல் குவியல் போலப் படர்ந்து கிடக்கும் கொத்தான். இலை இல்லை, செதில் மட்டும். முளைத்த பிறகு மண்ணோடு உறவறுந்து, உறிஞ்சு வேர்களால் மற்றச் செடியின் சாற்றைக் குடித்து வாழும். பட்டை மரத்தின் சொந்தம் என்று யார் சொன்னாலும் முதலில் நம்ப முடியாது. பூவைப் பிரித்துப் பாருங்கள். மும்மூன்று வட்டம், ஒன்பது தாள், தூக்குக் கதவு. வேரை விட்டது, இலையை விட்டது, மரமாக நிற்பதை விட்டது, கதவை மட்டும் விடவில்லை. குடும்பப் பண்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விடை எனக்குக் கிடைத்ததில்லை.

இனி பழத்துக்கு வருகிறேன். ஒற்றைச் சூல், ஆகவே ஒற்றை விதை. பல இனங்களில் காம்பின் நுனி கிண்ணம்போல விரிந்து பழத்தைத் தாங்கும். நாட்டுமருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று வாங்குவது பலநேரம் காட்டுப்பட்டை மரத்தின் இந்தக் கிண்ணம் வைத்த பிஞ்சுதான். சதையில் இனிப்பைவிட எண்ணெய் அதிகம். பட்டர் ஃப்ரூட் தின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கொழுப்புக்காக இருவாச்சிகளும் நீலகிரிக் காட்டுப்புறாவும் இந்தப் பழங்களை முழுசாக விழுங்கி, விதையை வேறிடத்தில் போடுகின்றன. மத்திய அமெரிக்காவின் கெட்சல் பறவையும் இதே குடும்பத்துப் பழங்களை நம்பி வாழ்கிறது. மடீரா தீவில், சோலையைப் போலவே மூடுபனியைச் சீவி எடுத்து நீராக்கும் லாரல் காடு ஒன்று சுமார் 15,000 ஹெக்டேரில் எஞ்சியிருக்கிறது. 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அங்கேயும் லாரல் பழம் தின்னும் ஒரு காட்டுப்புறா. மூன்று கண்டங்களுக்கு நடுவே இப்படி ஒரே ஏற்பாடு.

விதைக்குள் முளைசூழ்தசை இல்லை. உணவெல்லாம் இரண்டு பருத்த விதையிலைகளில். பட்டர் ஃப்ரூட் கொட்டையைத் தட்டினால் இரண்டாகப் பிளக்குமே, அவைதான். நெல்லையும் உளுந்தையும் போல இதை உலர்த்தி வைக்க முடியாது. இந்தக் குடும்பத்தின் வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவற்றின் விதை, ஈரம் குறைந்தாலே செத்துவிடும். கறுவா விதை சில வாரங்களுக்கு மேல் தாங்காது. கொத்தானின் கெட்டி விதை போன்ற விலக்குகள் சில உண்டு. ஆகவே உலகின் பயிர் விதைகளைக் குளிரில் பூட்டி வைக்கும் விதை வங்கிகள் பட்டர் ஃப்ரூட்டுக்குப் பயன்படாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் குருத்து நுனியைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்து மீட்டிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டால்தான் ஓர் இனத்தைச் சேமிக்க முடிகிறது. சோலை மரங்களுக்கு யார் அவ்வளவு பாடுபடப் போகிறார்கள்?

இதை ஏன் கவலையோடு சொல்கிறேன் என்றால், அழிவு எப்படி வரும் என்று நாம் பார்த்துவிட்டோம். ஆசியாவைச் சேர்ந்த ஒரு சிறு மரத்துளைப்பான் வண்டு 2002இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமந்து திரிவது அது. அங்கிருந்து பரவி, ரெட்பே என்னும் லாரேசி மரத்தை மட்டும் 30 கோடிக்கு மேல் கொன்றதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வண்டு மரத்தைக் கண்டுபிடிப்பது மரத்தின் வாசனையால். பகைவரை விரட்டக் கட்டிய எண்ணெய் அறைகளே அந்தப் பகைவனுக்கு வழிகாட்டின.

நம் மலைகளில் வேறு விதமான நெருக்கடி. ஜிகட் பொடிக்காக பெர்சியா மாக்ராந்தாவையும் லிட்சியா குளூட்டினோசாவையும் பட்டை உரிக்கிறார்கள். சுற்றி முழுதாக உரித்தால் மரம் நிற்காது. கறுவாவை உரிக்கிறவர்கள் போத்தை அறுத்து அடியைக் காப்பாற்றுகிறார்கள், நூற்றாண்டுகளாகக் கைவந்த ஒழுக்கம். காட்டு மரத்துக்கு அந்த ஒழுக்கம் வாய்க்கவில்லை. அந்த ஊதுபத்தியைத்தான் நாம் வேண்டுதலோடு ஏற்றுகிறோம். மரத்தின் பெயர் தெரியாமல் அதைச் செய்வது எனக்கு உறுத்துகிறது. சோலையை ஒட்டி வாழும் ஊர்களில் இந்த மரங்களுக்கு வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்தப் பெயர்களும் டப்பாவில் தங்காதவை, சொல்கிறவர் போனால் போய்விடும்.

வீட்டிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ பட்டை மரம் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். தை, மாசியில் ஒரு பூவைக் கைலென்ஸில் பாருங்கள். ஆனி, ஆடி வாக்கில் பழம் கறுத்து வரும். பறவைகளுக்குப் பாதியை விட்டுவிட்டு மீதியைப் பொறுக்கி, சதையைக் கழுவி, விதையை வெயிலில் காட்டாமல் அன்றைக்கே மண்ணில் ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் முளைக்கும். ஒரு மாதம் எடுத்துவைத்தால் முளைப்பது அரிது.